புரதத்தின் உள்ளசைவை அறிய எந்த வழி: மீள் வலையா, முழு அணு அதிர்வா, சிமுலேஷனா, சோதனையா?

அடினைலேட் கைனேஸ் ஒரு சிறிய நொதி. 214 அமினோ அமிலங்கள். ஹைட்ரஜனையும் சேர்த்து எண்ணினால் 3,341 அணுக்கள். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிரித்து, அதன் உறவு மூலக்கூறான ஏஎம்பிக்குக் கொடுப்பது இந்த நொதியின் வேலை. ஈ. கோலை பாக்டீரியாவில் உள்ள இந்த நொதிக்குப் படிக ஆய்வில் இரண்டு வடிவங்கள் கிடைத்திருக்கின்றன. புரதத் தரவு வங்கியில் 4ஏகேஇ என்று இருப்பது திறந்த வடிவம், 1ஏகேஇ மூடிய வடிவம். நடுவுடல் ஏறக்குறைய அப்படியே இருக்க, ‘மூடி’ எனப்படும் பகுதியும் ஏஎம்பியைப் பிடிக்கும் பகுதியும் உள்நோக்கி மடங்குகின்றன. இரண்டு வடிவங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தால் சுமார் 7 ஆங்ஸ்ட்ராம் விலகல் இருக்கும் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு).

படிகம் காட்டுவது தொடக்கத்தையும் முடிவையும்தான். நடுவில் நடக்கும் அசைவை அறிய விரும்புகிறவருக்கு முன்னால் பல வழிகள் இருக்கின்றன. முழு அணு அதிர்வுக் கணக்கு, அணுக்களைச் சுருள்வில்லால் இணைத்துப் பார்க்கும் மீள் வலை மாதிரி, ஒவ்வோர் அணுவின் நகர்வையும் சிறு சிறு காலப் படிகளாகப் பின்தொடரும் மூலக்கூறு இயக்கச் சிமுலேஷன் ஆகியவை கணினியில் செய்வன. அகச்சிவப்பு நிறமாலை, நியூட்ரான் சிதறல், என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) ஆகியவை ஆய்வகத்தில் செய்வன. பெரும்பாலும் கையில் எந்த மென்பொருள் இருக்கிறதோ, பக்கத்தில் எந்தக் கருவி இருக்கிறதோ அதை வைத்தே தேர்வு நடந்துவிடுகிறது. அது தவறான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. எந்தக் கால அளவில் நடக்கும் அசைவைத் தேடுகிறோம், அந்த அசைவு வழியில் ஓர் ஆற்றல் தடையைத் தாண்டுகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

முதலில் கால அளவு

புரதத்துக்குள் மிக வேகமாக நடப்பது ஹைட்ரஜன் அணு மற்றோர் அணுவோடு கொண்ட நேரடிப் பிணைப்புகளின் நீட்சி. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு சுமார் 3,000 செ.மீ⁻¹ அலைவெண்ணில் அதிர்கிறது. ஒரு முறை போய்த் திரும்ப 11 ஃபெம்டோவினாடி. (ஃபெம்டோ, பிக்கோ, நானோ, மைக்ரோ, மில்லி என்று ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஆயிரம் மடங்கு பெரியது; ஆயிரம் மில்லிவினாடி ஒரு வினாடி.) பெப்டைடு பிணைப்பில் உள்ள கார்பன்-ஆக்சிஜன் நீட்சிதான் அமைடு-1 பட்டையில் முக்கியமான பங்கு. அது 1,600 முதல் 1,700 செ.மீ⁻¹ வரையில், அதாவது ஏறக்குறைய 20 ஃபெம்டோவினாடியில் நடக்கும். பக்கச் சங்கிலிகளின் முறுக்கம் பிக்கோவினாடி. கண்ணிகளின், அதாவது சங்கிலியின் ஒழுங்கற்ற வளைவுப் பகுதிகளின், அசைவு நானோவினாடியிலிருந்து மைக்ரோவினாடி. ஒரு களம் (புரதத்தில் தனி உடல்போல் அசையும் பெரிய பகுதி) முழுவதும் கீல்போல் மடங்குவது மைக்ரோவினாடியிலிருந்து மில்லிவினாடி வரை போகலாம். வேகமான அசைவுக்கும் மெதுவான அசைவுக்கும் நடுவே பத்துக்கு மேற்பட்ட பத்தின் அடுக்குகள் இருக்கின்றன. எந்த ஒரு முறையும் இவ்வளவையும் ஒரே பார்வையில் பிடிக்காது.

இங்கே இன்னொரு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையில் கிடைக்கும் வெப்ப ஆற்றலை அலைவெண்ணாக மாற்றினால் சுமார் 208 செ.மீ⁻¹ வரும். அதற்கு மிக மேலே உள்ள அதிர்வுகள், உதாரணமாகப் பிணைப்பு நீட்சிகள், கிட்டத்தட்ட எப்போதும் தரை நிலையிலேயே, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையிலேயே, கிடக்கின்றன. அதற்குக் கீழே உள்ளவைதான் வெப்பத்தால் உண்மையாகவே ஆட்டுவிக்கப்படுகின்றன. அவற்றின் சராசரிச் சதுர வீச்சு அதிர்வெண்ணின் சதுரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். மோட் என்பது அணுக்கள் எல்லாம் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து ஆடும் ஒரு பாங்கு. ஓர் அணுவுக்கு மூன்று திசைகள் என்று எண்ணி, புரதம் முழுதாக நகர்வதும் சுழல்வதுமான ஆறைக் கழித்தால் 3,341 அணுக்களுக்கு 10,017 அதிர்வு மோட்கள் வரும். அத்தனை இருந்தாலும், புரதம் எவ்வளவு அசைகிறது என்பதில் பெரும்பங்கு மிகத் தாழ்ந்த சில மோட்களுக்கே போகிறது. இந்தத் துறை முழுவதும் நிற்பது இந்த ஒரு உண்மையின்மேல்தான்.

முழு அணு அதிர்வுக் கணக்கு

1980களின் தொடக்கத்தில் நோபுஹிரோ கோ குழுவினரும், புரூக்ஸும் கார்ப்ளஸும், 58 அமினோ அமிலங்கள் கொண்ட பிபிடிஐ என்ற சிறு புரதத்தில் இந்தக் கணக்கைப் போட்டார்கள். அடிப்படை எளிது. ஆற்றல் சார்பின் ஒரு பள்ளத்தின் அடிக்குப் போய், அங்கே இரண்டாம் வகையீடுகளை எல்லாம் ஓர் அணியாக எழுதி, அதன் ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஐகன் திசையனும் ஒரு மோட். ஒவ்வொரு ஐகன் மதிப்பும் அதன் அதிர்வெண்ணின் சதுரம்.

சிக்கல் ‘அடிக்குப் போய்’ என்பதில் தொடங்குகிறது. கணக்கு சரியாக வர வேண்டுமானால் ஆற்றலை மிகக் கடுமையாகச் சிறுமப்படுத்த வேண்டும். விசைகள் கிட்டத்தட்ட பூச்சியமாகும் வரை. அப்படிச் செய்யும்போது, குறிப்பாக நீர் இல்லாமல் செய்தால், புரதத்தின் மேற்பரப்புச் சங்கிலிகள் உள்ளே சுருண்டு அமைப்பே படிகத்திலிருந்து விலகிப்போகும். நீங்கள் அதிர்வைக் கணக்கிடுவது சோதனையில் பார்த்த அமைப்புக்கு அல்ல, அதன் சற்றே நசுங்கிய உறவுக்கு. அணியின் அளவும் சும்மா இல்லை. நம் நொதிக்கு 10,023 வரிசை, 10,023 நிரல். இரட்டைத் துல்லியத்தில் சேமித்தால் சுமார் 800 மெகாபைட். இன்றைய கணினிக்கு இது பெரிய சுமை அல்லதான். ஆனால் பத்து மடங்கு பெரிய புரதத்துக்கு நூறு மடங்கு நினைவகமும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கணக்கீடும் தேவைப்படும்.

அப்படியானால் இதை யார் தேர்ந்தெடுக்க வேண்டும்? வேதியியல் விவரம் முக்கியமாக இருப்பவர்கள். ஒரு குறிப்பிட்ட அகச்சிவப்பு அல்லது ராமன் பட்டை எந்தப் பிணைப்பிலிருந்து வருகிறது என்று கேட்பவர்கள். அவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. புரதச் சிமுலேஷனுக்கென்று உருவாக்கிய சாதாரண விசைப்புலங்கள் (அணுக்களுக்கு இடையிலான ஆற்றலைக் கணக்கிடும் சூத்திரத் தொகுப்புகள்) உயர் அதிர்வெண்களை நிறமாலையோடு ஒப்பிடும் அளவுக்குத் துல்லியமாகத் தருவதில்லை. அமைடு-1 பட்டையின் வடிவத்தைக் கணிக்க, ஒவ்வொரு பெப்டைடையும் தனி அதிர்வியாக எடுத்து அவற்றுக்கிடையே உள்ள இருமுனை இணைப்பைச் சேர்க்கும் மாதிரிகளோ, செயல்மையத்தை மட்டும் குவாண்டம் முறையில் கணக்கிடுவதோதான் பயன் தரும்.

சில இடங்களில் இந்த முழு அணு மோட்களை வைத்து, மருந்து மூலக்கூறு பிணையும்போது அதிர்வு என்ட்ரோபி எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடுவார்கள். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சின்ன எண்ணைத் தேடும் வேலை அது. ஒரு சிறுமத்திலிருந்து அடுத்த சிறுமத்துக்குப் போனாலே விடை ஆடும். பிணைப்பு வலிமையைத் தரவரிசைப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் நான் அதைச் சேர்க்கச் சொல்ல மாட்டேன்.

மீள் வலை மாதிரி: எதிர்பாராத வெற்றி, அதற்குரிய எல்லை

1996இல் மோனிக் டிரியோன் ஒரு துணிச்சலான எளிமையை முன்வைத்தார். சிக்கலான ஆற்றல் சார்பை எல்லாம் தள்ளிவைத்து, அருகருகே உள்ள அணுக்களை ஒரே வலிமையுள்ள சுருள்வில்லால் இணைத்தால் போதும். தாழ்ந்த மோட்கள் முழு விசைப்புலத்தில் வந்தவற்றை நன்றாகவே ஒத்திருந்தன. படிகத்தில் உள்ள அமைப்பையே ஆற்றல் சிறுமம் என்று வரையறுத்துவிடுவதால் சிறுமப்படுத்தும் தொல்லையும் கிடையாது. அடுத்த ஆண்டே பஹார், அட்டில்கான், எர்மன் மூவரும் ஓர் அமினோ அமிலத்துக்கு முதுகெலும்பில் உள்ள சி-ஆல்ஃபா கார்பன் என்ற ஒரே புள்ளி என்று இன்னும் சுருக்கி காஸ் வலை மாதிரியைக் கொடுத்தார்கள். 2001இல் திசையையும் சொல்லும் வடிவம் வந்தது.

ஏன் இது வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான் எங்கே வேலை செய்யாது என்பதும் தெரியும். தாழ்ந்த மோட்கள் பெரும் பகுதிகளின் கூட்டு அசைவுகள். எந்தப் பகுதி எதோடு நெருக்கமாக அடைந்திருக்கிறது, எங்கே மெல்லிய இடுப்பு இருக்கிறது என்ற வடிவச் செய்திதான் அவற்றைத் தீர்மானிக்கிறது. அங்கே இருப்பது லூசினா வாலினா என்பது அவ்வளவாகப் பொருட்டில்லை.

நம் நொதிக்கு அணி 642க்கு 642 ஆகச் சுருங்கிவிடுகிறது. சாதாரண மடிக்கணினியில் கண்ணிமைக்கும் நேரம். திறந்த வடிவத்தை மட்டும் கொடுத்து மோட்களைக் கணக்கிட்டு, அவற்றை மூடிய வடிவத்துக்குப் போகும் திசையோடு ஒப்பிடலாம். இந்த ஒப்பீட்டை மேற்பொருத்தம் என்பார்கள். 1 என்றால் முழுப் பொருத்தம். 600க்கு மேற்பட்ட பரிமாணங்களில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒரு திசை சராசரியாக 0.04 அளவில்தான் பொருந்தும். களங்கள் கீல்போல் மடங்கும் இதுபோன்ற புரதங்களில் முதல் சில மோட்களுக்குள்ளேயே 0.5ஐத் தாண்டும் பொருத்தம் கிடைப்பது வழக்கம். மூடிய வடிவம் எப்படி இருக்கும் என்ற எந்தச் செய்தியும் தராமல் கிடைக்கும் விடை இது. முதல்முறை பார்க்கிற எவரையும் இது அசத்தும். பல முறை பார்த்த பிறகும் எனக்கு அந்த வியப்பு குறையவில்லை.

2001இல் டாமாவும் சானெஜுவானும் இருபது புரதங்களை வைத்துச் செய்த ஒப்பீட்டில் ஒரு பயனுள்ள செய்தி இருக்கிறது. திறந்த வடிவத்திலிருந்து தொடங்கினால் மூடும் திசை நன்றாகக் கிடைக்கிறது. மூடிய வடிவத்திலிருந்து தொடங்கினால் பொருத்தம் குறைகிறது. மூடியபின் இரு பகுதிகளுக்கும் நடுவே புதிய தொடர்புகள் உருவாகி, வலை அவற்றையும் நிரந்தரச் சுருள்வில்லாக எண்ணிக்கொள்வதுதான் காரணம். இரண்டு வடிவமும் கையில் இருந்தால் திறந்ததை எடுங்கள்.

சரி, எல்லைகளுக்கு வருவோம். முதலாவது, புள்ளிப் பிறழ்வு. ஓர் அமினோ அமிலத்தை மாற்றியும் முதுகெலும்பு அப்படியே இருந்தால், சாதாரண மீள் வலைக்கு இரண்டும் ஒரே புரதம்தான். பிறழ்வின் விளைவைத் தேடும் ஒருவர் இதை எடுத்தால், எதுவும் மாறவில்லை என்ற விடை கணக்கைத் தொடங்கும் முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. இரண்டாவது, உள்ளூர் மாற்றங்கள். ஒரு கண்ணி மட்டும் புரள்வதும் ஒரு பக்கச் சங்கிலி திரும்பி வாசல் விடுவதும் தாழ்ந்த மோட்களில் சரியாகத் தெரியாது. மூன்றாவது, தொங்கும் வால். ஒழுங்கில்லாத முனைப்பகுதி இரண்டு மூன்று சுருள்வில்லில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால், அது ஆடுவதே முதல் மோட்டாக வந்து நிற்கும். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் நிரல் தந்த அமைப்புகளில் இது அடிக்கடி நடக்கும். நம்பக மதிப்பெண் தாழ்ந்த வால்களை வெட்டிவிட்டுத்தான் வலையைக் கட்ட வேண்டும். அந்த மதிப்பெண்ணையே அசைவின் அளவாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அது கணிப்பின் நம்பிக்கையைச் சொல்கிறது, அவ்வளவே.

வெட்டு தூரம், அதாவது எவ்வளவு அருகில் இருந்தால் சுருள்வில் போடுவது, என்ற ஒரு தேர்வும் உண்டு. காஸ் வலைக்கு 7 ஆங்ஸ்ட்ராமை ஒட்டியும், திசையைச் சொல்லும் வலைக்கு 12 முதல் 15 ஆங்ஸ்ட்ராம் வரையும் வைப்பது வழக்கம். ஒரே மதிப்பில் நின்றுவிடாமல் இரண்டு மூன்று மதிப்புகளில் ஓட்டிப் பாருங்கள். மோட்டின் வடிவம் அப்படியே நின்றால் நம்பலாம். வெட்டு தூரத்தோடு சேர்ந்து அதுவும் மாறினால் அதை விளக்கப் போகாதீர்கள்.

பலரும் மீள் வலையின் முடிவைப் படிக அமைப்பின் பி-காரணிகளோடு (ஒவ்வோர் அணுவும் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதற்கான எண்கள்) ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். பி-காரணியை 8π²ஆல் வகுத்தால் ஒரு திசையில் சராசரிச் சதுர இடப்பெயர்ச்சி கிடைக்கும். பி 20 என்றால் அணு சுமார் அரை ஆங்ஸ்ட்ராம் அலைகிறது என்று பொருள். ஒப்பிட்டால் 0.6 அளவில் ஒட்டுறவு வருவது வழக்கம். இது நல்ல அறிகுறி, அவ்வளவுதான். பி-காரணிக்குள் படிகத்தின் ஒழுங்கின்மையும், அண்டை மூலக்கூறுகளின் நெருக்கமும், மூலக்கூறு முழுதாக ஆடுவதும் கலந்திருக்கின்றன. உள்ளசைவு அதில் ஒரு பங்குதான்.

அதிர்வெண்ணை நேரமாகப் படிக்கக் கூடாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். முழு அணுக் கணக்கில் ஒரு தாழ்ந்த மோட் 5 செ.மீ⁻¹ என்று வந்தால், அதைக் காலமாக மாற்றினால் 6.7 பிக்கோவினாடி. அப்படியானால் மூடி 7 பிக்கோவினாடிக்கு ஒருமுறை திறந்து மூடுகிறதா? இல்லை. டோரதி கெர்ன் குழு 2004இல் என்எம்ஆர் வழியாகக் காட்டியது, இந்த நொதியில் மூடி திறப்பதே வினையின் வேகத்தைத் தீர்மானிக்கும் படி என்பதை. அது வினாடிக்குச் சில நூறு முறை, அதாவது ஒரு திறப்புக்குச் சில மில்லிவினாடிகள். இரண்டு எண்களுக்கும் நடுவே கோடிக்கணக்கான மடங்கு வேறுபாடு.

காரணங்கள் இரண்டு. நீரின் உராய்வு தாழ்ந்த மோட்களைத் தணித்துவிடுகிறது. ஊஞ்சலாட்டம் போன்ற ஒழுங்கான அலைவு அங்கே இல்லை, தள்ளாடித் தள்ளாடி நகரும் பிரௌனிய அசைவுதான் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, அடிப்பள்ளத்தின் வளைவு தடையின் உயரத்தைச் சொல்லாது என்பது. ஹான்ஸ் ஃப்ராயன்ஃபெல்டரும் சகாக்களும் 1970களில் மயோகுளோபினில் கார்பன் மோனாக்சைடை ஒளியால் பிரித்து, அது மறுபடி பிணைவதைக் குளிர்நிலையில் அளந்தபோது ஒரே வேகம் கிடைக்கவில்லை. வேகங்களின் பரவல் கிடைத்தது. ஒரு புரதத்துக்கு ஒரே பள்ளம் அல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய எண்ணற்ற துணைநிலைகள் இருக்கின்றன என்ற பார்வை அங்கிருந்துதான் வேரூன்றியது. அதிர்வுக் கணக்கு ஒரு பள்ளத்தை மட்டும் பார்க்கிறது.

ஆகவே மோட் பகுப்பாய்வு சொல்வது திசையை. வேகத்தைச் சொல்வதாக எங்கேயாவது எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். மீள் வலையில் இது இன்னும் கண்டிப்பு. அங்கே சுருள்வில்லின் வலிமையே நாம் பிறகு பொருத்திக்கொள்ளும் எண்.

சிமுலேஷன்: தடையைத் தாண்ட வேண்டுமென்றால்

1977இல் மெக்கேமன், ஜெலின், கார்ப்ளஸ் மூவரும் பிபிடிஐ புரதத்தின் அசைவை நீரில்லாமல், பத்துப் பிக்கோவினாடிக்கும் குறைவாகப் பின்தொடர்ந்தார்கள். 2010இல் டேவிட் ஷா குழுவினர் இதற்கென்றே கட்டிய ஆண்டன் இயந்திரத்தில் அதே புரதத்தை நீரோடு ஒரு மில்லிவினாடி ஓட்டினார்கள். 33 ஆண்டுகளில் நூறு மில்லியன் மடங்கு.

ஆனால் ஆண்டன் நம் கையில் இல்லை. நம் நொதியை நீர்ப்பெட்டியில் வைத்தால் ஏறக்குறைய 45,000 முதல் 50,000 அணுக்கள். ஒரு நல்ல ஜிபியூ (வரைகலைச் செயலி) நாளொன்றுக்குச் சில நூறு நானோவினாடிகள் ஓட்டும். 500 என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு மில்லிவினாடிக்கு 2,000 நாட்கள், அதாவது ஐந்தரை ஆண்டுகள். அவ்வளவு காத்திருந்தபின்னும் மூடி ஒருமுறைகூடத் திறக்காமல் போகலாம். படியின் அளவு 2 ஃபெம்டோவினாடி என்பதால் ஒரு மைக்ரோவினாடிக்கே 50 கோடிப் படிகள். ஹைட்ரஜன் அணுவின் நேரடிப் பிணைப்புகளை விறைப்பாகப் பூட்டுவதால்தான் இந்த 2 கூட முடிகிறது. அந்தப் பூட்டலில் பெரிய இழப்பும் இல்லை. அந்த நீட்சிகள் எப்படியும் தரை நிலையில் உறைந்தவை, செவ்வியல் இயக்கவியல் அவற்றுக்குக் கொடுக்கும் வெப்ப ஆற்றலே தவறானது.

சிமுலேஷனின் பலம் மூன்று இடங்களில். நீரும் அயனிகளும் உண்மையாக இருக்கின்றன. பக்கச் சங்கிலிகள் தெரிகின்றன, அதனால் பிறழ்வின் விளைவைக் கேட்கலாம். ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்குத் தாவ முடிகிறது. மூன்றும் மீள் வலைக்கு எட்டாதவை.

பலவீனம் புள்ளியியலில். சிமுலேஷன் பாதையிலிருந்து பெரிய கூட்டசைவுகளைப் பிரித்தெடுக்க முதன்மைக் கூறு பகுப்பாய்வு பயன்படுகிறது. 1993இல் அமடேய், லின்சன், பெரெண்ட்சன் இதை ‘அத்தியாவசிய இயக்கம்’ என்ற பெயரில் பரவலாக்கினார்கள். முதல் இரண்டு கூறுகளை வரைந்தால் அழகான அரைவட்டமோ வளைகோடோ வரும். அதைப் பார்த்ததும் ஒரு நிலைமாற்றம் நடந்துவிட்டதாகத் தோன்றும். பெர்க் ஹெஸ் 2000இல் காட்டியது இதுதான்: எந்த ஆற்றல் அமைப்பும் இல்லாத வெறும் தற்போக்கு விரவலைப் பகுத்தாலும் முதல் கூறு அரைக் கொசைன் அலையாகவே வரும். அதாவது கொசைன்போல் தெரியும் கூறு, உங்கள் ஓட்டம் இன்னும் போதவில்லை என்பதன் அடையாளம். ஓட்டத்தை இரண்டாகப் பிரித்து இரு பாதிகளின் முதல் பத்துக் கூறுகளும் ஒரே வெளியைத் தருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் ஒரே நீண்ட ஓட்டத்தைவிட, வெவ்வேறு தொடக்க வேகங்களோடு நான்கைந்து தனி ஓட்டங்கள் பெரும்பாலும் நேர்மையான விடை தரும். நிச்சயமின்மை எவ்வளவு என்பதும் அவற்றில்தான் தெரியவரும்.

தடை உயரமாக இருந்தால் சாதாரண ஓட்டத்தை நீட்டுவதில் பயனில்லை. டோரியும் வாலோவும் 1977இல் கொடுத்த குடை மாதிரியெடுப்பு, லாயோவும் பாரினெல்லோவும் 2002இல் கொடுத்த மெட்டாடைனமிக்ஸ் போன்று, புரதத்தைத் தடையின்மேல் செயற்கையாகத் தள்ளும் முறைகள் உதவும். ஆனால் எந்த ஆயத்தின் (அசைவை அளக்கும் அளவின்) வழியே தள்ள வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். தவறான ஆயத்தைக் கொடுத்தால் கணக்கு ஓடும், வரைபடமும் வரும், அதில் உள்ள தடை மட்டும் பொய்யாக இருக்கும். மீள் வலையின் தாழ்ந்த மோட்கள் மிகவும் பயன்படும் இடம் இதுதான் என்பேன். மூடி மடங்கும் மோட்டையே தள்ளும் ஆயமாக எடுக்கலாம். அல்லது அந்த மோட் காட்டும் கீலை வைத்து இரண்டு களங்களுக்கு இடையிலான கோணத்தை வரையறுக்கலாம். கோணம் எளிது, விளக்கவும் எளிது. நான் கோணத்தையே தேர்வேன்.

ஆய்வகத்தில் எதைக் கேட்பது

கணினி விடை எதுவாக இருந்தாலும் ஒரு சோதனையோடு உரசிப் பார்க்க வேண்டும். இங்கேயும் கால அளவே வழிகாட்டி.

ஒரு குறிப்பிட்ட இடத்தின் சூழலை அறிய வேண்டுமென்றால் அகச்சிவப்பு நல்லது. 1,800 முதல் 2,500 செ.மீ⁻¹ வரை புரதம் கிட்டத்தட்ட மௌனம். அங்கே ஒரு நைட்ரைல் தொகுதியையோ கார்பன்-டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) பிணைப்பையோ வைத்தால் அதன் குரல் தனியாகக் கேட்கும். மயோகுளோபினில் கட்டுண்ட கார்பன் மோனாக்சைடு 1945 செ.மீ⁻¹ஐ ஒட்டிப் பல பட்டைகளாகப் பிரிவது, பக்கத்து ஹிஸ்டிடின் வெவ்வேறு நிலைகளில் இருப்பதை நேரடியாகக் காட்டுகிறது. அமைடு-1 பட்டையிலும் ஒரு கார்பனைக் கார்பன்-13 ஆக்கினால் அந்தப் பெப்டைடு சுமார் 40 செ.மீ⁻¹ தள்ளி நிற்கும். இருபரிமாண அகச்சிவப்பில் வேகமான அசைவையும் அளக்கலாம்; ஆனால் அமைடு-1 அதிர்வின் ஆயுள் ஒரு பிக்கோவினாடி அளவுதான் என்பதால் அந்தச் சாளரம் குறுகியது.

நியூட்ரான் சிதறல் ஹைட்ரஜனை அபாரமாகப் பார்க்கும். சாதாரண ஹைட்ரஜனின் ஒத்திசைவற்ற சிதறல் பரப்பு 80 பார்ன் (இந்தப் பரப்பை அளக்கும் அலகு). டியூட்டீரியத்துக்கு 2 மட்டுமே. கனநீரில் வைத்தால் நீர் அடங்கிப் புரதம் பேசும். 1989இல் டாஸ்டர், குசாக், பெட்ரி மூவரும் மயோகுளோபினில் சுமார் 200 கெல்வினுக்கு மேல் அசைவு திடீரென்று கூடுவதைக் காட்டியது இந்த முறையில்தான். ஆனால் கிடைப்பது புரதம் முழுவதற்குமான சராசரி. எந்தப் பகுதி அசைகிறது என்பது தெரியாது. பெரிய ஆய்வு மையம் வேண்டும், மாதிரியும் நிறைய வேண்டும். களம் மடங்குவதைத் தேடுபவருக்கு இது முதல் தேர்வாக இருக்க முடியாது.

டெராஹெர்ட்ஸ் நிறமாலை கேட்பதற்குக் கவர்ச்சியாக இருக்கும்; ஒரு டெராஹெர்ட்ஸ் என்பது 33 செ.மீ⁻¹, தாழ்ந்த மோட்கள் குடியிருக்கும் இடம். நடைமுறையில் நீர் அந்தக் கதிரை விழுங்கிவிடுகிறது. எஞ்சுவதில் ஆயிரக்கணக்கான மோட்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வழவழப்பான ஒரு சரிவாகத் தெரியும். புரதத்தைச் சூழ்ந்த நீரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அதில் விஷயம் இருக்கிறது. ‘இந்த மோட்டைப் பார்த்தேன்’ என்று ஒரு சிகரத்தைச் சுட்டுவது பெரும்பாலும் முடியாது.

என்எம்ஆர் தான் மெதுவான அசைவுக்கு அரசன். நைட்ரஜன்-15 தளர்வு அளவீடுகள், லிபாரி-சாபோ முறையில் ஒவ்வொரு பெப்டைடுக்கும் ஓர் ஒழுங்கு அளவுரு தருகின்றன. 1 என்றால் விறைப்பு, 0 என்றால் கட்டற்ற அசைவு. அது மூலக்கூறு உருளும் நேரத்தைவிட வேகமான அசைவுகளுக்கு, சில நானோவினாடி வரை. மைக்ரோவினாடி முதல் மில்லிவினாடிக்குத் தளர்வுச் சிதறல் அளவீடு உண்டு. நம் நொதியின் மூடி சரியாக அங்கேதான் விழுகிறது. நடுவில் உள்ள இடைவெளியை எச்ச இருமுனை இணைப்புகள் என்ற இன்னொரு என்எம்ஆர் அளவீடு ஓரளவு நிரப்பும். அளவு பெரிதானால் சிக்கல்தான். ஆனாலும் மெத்தில் தொகுதிகளைப் பார்க்கும் முறையில் லூயிஸ் கே குழு புரதங்களைச் சிதைக்கும் 670 கிலோடால்டன் புரோட்டியாசோமையே ஆராய்ந்திருக்கிறது.

எந்தக் கேள்விக்கு எது

களம் மடங்குவதா, கீல் எங்கே, உறைநிலையில் படமெடுக்கும் கிரையோ மின்நுண்ணோக்கியின் மங்கலான வரைபடத்துக்குள் அமைப்பை எப்படி வளைத்துப் பொருத்துவது என்பவை கேள்வியானால், மீள் வலை போதும். மாதக்கணக்கில் சிமுலேஷன் ஓட்ட வேண்டாம். ஒரே ஒரு கவனம்: மோட் என்பது நேர்கோட்டு இடப்பெயர்ச்சி. அதில் ஓரிரு ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் இழுத்தால் பிணைப்புகள் நீண்டு, சுருள்கள் சிதையத் தொடங்கும். சிறு படியாக நகர்த்தி, அமைப்பைச் சீராக்கி, மோட்களை மறுபடி கணக்கிட்டு நகர்த்துங்கள். பிணைப்பு நீளங்களைத் தொடாமல் முதுகெலும்பின் ஃபை, சை முறுக்குக் கோணங்களில் மட்டும் மோட்களைக் கணக்கிடும் முறைகளும் உண்டு. ஜி. என். ராமச்சந்திரன் 1963இல் வரைபடமாக்கிய அதே இரண்டு கோணங்கள்தான். வளைந்த பாதைக்கு அவை இயல்பாகப் பொருந்துகின்றன.

பிறழ்வின் விளைவு, மறைந்திருக்கும் மருந்துக் குழி, நீர் புகும் வாசல் ஆகியவை சிமுலேஷனின் வேலை. தனி ஓட்டங்கள் பலவற்றோடு தொடங்கி, இரண்டு பாதிகளும் ஒத்துப்போகாவிட்டால் ஆயம் வைத்துத் தள்ளும் முறைக்கு மாறுங்கள். வேகம்தான் கேள்வி என்றால் என்எம்ஆர் அளவீடு இல்லாமல் எழுத உட்கார வேண்டாம். நிறமாலைப் பட்டை ஒன்றை விளக்குவதுதான் தேவை என்றால் மட்டும் முழு அணு அதிர்வுக்கோ குவாண்டம் கணக்குக்கோ போங்கள்.

ஒரு மாதமும் ஒரு ஜிபியூவும் மட்டுமே உள்ள ஒருவர் அடினைலேட் கைனேஸ் போன்ற புரதத்தை எடுத்தால், முதல் நாளில் மீள் வலையை ஓட்டி, வெட்டு தூரத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, கீலை அடையாளம் காணலாம். பிறகு முதல் வாரத்துக்குள் நானோவினாடி நூறுகளில் ஐந்து தனி ஓட்டங்கள். அவற்றின் முதன்மைக் கூறுகள் மீள் வலையின் முதல் பத்து மோட்களோடு பொருந்துகின்றனவா என்ற சோதனை. பொருந்தினால் மீதி மூன்று வாரங்களையும் களக் கோணத்தின் வழியே குடை மாதிரியெடுப்புக்குக் கொடுக்கலாம். பொருந்தாவிட்டால் அந்த மூன்று வாரமும் ஏன் பொருந்தவில்லை என்பதற்கே போக வேண்டும். பெரும்பாலும் காரணம் ஒரு தொங்கும் வாலாகவோ, தவறாகக் கொடுத்த ஹிஸ்டிடின் புரோட்டான் நிலையாகவோ, விட்டுப்போன ஓர் உலோக அயனியாகவோ இருக்கும்.